அக்கா கொடுத்த அணுக்கள்

(கீழ்க்கட்டளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரத்தப் புற்றுநோய்க்கு ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, இந்த அறக்கட்டளையை நிறுவி அந்தத் துயரத்தை ஆண்டுக்கொரு அறிவியல் சொற்பொழிவாக மாற்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய கொடை எனக்குத் தெரியாது. இந்த மேடையில் பொதுவான அறிவுரைகளைச் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. குருதியியல் பிரிவில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில், ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்று என்னால் அதற்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதிப் பாதியை இன்று உங்கள் முன் சொல்ல வந்திருக்கிறேன்.

கேள்வி

பத்தொன்பது வயதுப் பையன். பொறியியல் இரண்டாம் ஆண்டு. ரத்தப் புற்றுநோய் ஒரு முறை அடங்கி, மறுபடி தலைதூக்கியிருந்தது. மஜ்ஜை மாற்று செய்தால்தான் பிழைப்பான் என்ற நிலை. அவனைவிட ஐந்து வயது மூத்த அக்காவுக்கு எச்.எல்.ஏ. என்ற அணு அடையாளம் முழுப் பொருத்தமாக அமைந்தது. அன்று அந்த வீட்டில் பாயசம் வைத்தார்களாம்.

மாற்று சிகிச்சை நாளை நாங்கள் 'டே ஜீரோ' என்போம். சிகிச்சை என்றதும் அறுவை அரங்கையும் கத்தியையும் எதிர்பார்த்து வந்த உறவினர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மாதுளைச் சாற்றின் நிறத்தில் ஒரு பை, சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோல, சொட்டுச் சொட்டாக இறங்கும். அவ்வளவுதான். அந்தப் பையிலிருக்கும் ஸ்டெம் செல்கள், யாரும் வழிகாட்டாமலே ரத்தத்தின் வழியாகப் போய் எலும்புக்குள் இடம் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் பையனுக்கு 'கவுண்ட்', அதாவது ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கியது. வார்டே மகிழ்ந்தது.

நான்காவது வாரம், காலை ரவுண்ட்ஸில் அவன் கையை நீட்டினான். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. "மிளகாய் அரிஞ்ச கை மாதிரி எரியுது" என்றான். மறுநாள் காது மடலிலும் கழுத்திலும் சிவப்பு. அதற்கடுத்த நாள் வயிற்றுப்போக்கு. எத்தனை முறை போனான் என்பதை எண்ணுவதோடு நிற்காமல், எத்தனை மில்லி என்று அளந்தோம். ஒரு பள்ளிக்கூட நோட்டில் அக்காதான் மணியும் அளவும் எழுதி வைப்பாள். ஒன்றரை லிட்டர் எழுதிய அன்று அந்த நோட்டை மூடிவிட்டு என்னைக் கேட்டாள்: "டாக்டரம்மா, என்னோட அணுதான் தம்பியைக் கடிக்குதா?"

"உன் மேல தப்பு எதுவும் இல்லம்மா" என்றேன். அது உண்மை. ஆனால் கேட்டதற்கு அது பதில் இல்லை. ஏனென்றால், அவளுடைய அணுக்கள்தான் கடித்துக்கொண்டிருந்தன.

வந்த படை, இருந்த வீடு

சிறுநீரகம் மாற்றினால், வந்த உறுப்பை நோயாளியின் உடல் எதிர்க்கும். இது எல்லோரும் அறிந்தது. மஜ்ஜை மாற்றில் நிலைமை தலைகீழ். வருவது ஓர் உறுப்பு அல்ல, முழு எதிர்ப்புப் படை. பழைய படையைக் கடுமையான மருந்துகளாலும் சில வேளை கதிர்வீச்சாலும் துடைத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றுகிறோம். உள்ளே நுழைந்த படை, நோயாளியின் தோல், குடல், கல்லீரல் மூன்றையும் அந்நியம் என்று எண்ணித் தாக்கினால், அதற்குப் பெயர் ஒட்டு எதிர் ஓம்புநர் நோய். ஒட்டவைத்தது, இடம் கொடுத்தவரையே தாக்குகிறது என்று பொருள். மருத்துவமனைத் தாழ்வாரங்களில் எல்லோரும் ஜி.வி.எச்.டி. என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு அணு யுகத்தோடு பின்னியது. 1958 அக்டோபரில், அன்றைய யுகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து. கதிர்வீச்சுக்கு ஆளான ஆறு பேர் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர், முன்பின் அறியாத பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்த மஜ்ஜையை அவர்களில் ஐந்து பேருக்கு ஏற்றினார். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் ஊர் திரும்பினர். அமெரிக்காவில் டொனால் தாமஸ் 1950களிலிருந்தே இதே முயற்சியில் இருந்தார். தோல்விமேல் தோல்வி கண்டும் விடாமல் உழைத்தவருக்கு 1990 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983 இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி இதைத் தொடங்கிவைத்தார். போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் இதைச் செய்தார். 1986 இல் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மம்மன் சாண்டி தொடங்கினார். தலசீமியாவால் மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு வேலூர் ஒரு முகவரி ஆனது.

ஜி.வி.எச்.டி. வர என்னென்ன வேண்டும் என்பதை 1966 இல் ரூபர்ட் பில்லிங்ஹாம் மூன்றே விதிகளில் சொல்லிவிட்டார். ஒன்று, ஏற்றப்படும் பையில் சண்டையிடத் தெரிந்த அணுக்கள் இருக்க வேண்டும். இரண்டு, கொடுப்பவரிடம் இல்லாத ஏதோ ஓர் அடையாளம் பெறுபவரிடம் இருக்க வேண்டும். மூன்று, வந்த படையைத் துரத்தும் வலு பெறுபவரிடம் இருக்கக் கூடாது. அக்காவுக்கும் தம்பிக்கும் எச்.எல்.ஏ. முழுப் பொருத்தம்தானே, அந்நிய அடையாளம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எச்.எல்.ஏ. என்பது பெரிய அடையாளம். அதற்குக் கீழே சின்னச் சின்ன அடையாளங்கள் ஏராளம். ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோமிலிருந்து உருவாகும் புரதங்கள் அக்காவின் அணுக்களுக்குப் புதியவை. பெண் கொடுத்து ஆண் பெறும்போது ஜி.வி.எச்.டி., அதிலும் நாட்பட்ட வகை, கூடுதலாக வருவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொன்றும் உண்டு. பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் மருந்து குடலின் உட்சுவரையும் புண்ணாக்கிவிடுகிறது. அந்தப் புண் வழியே பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. எங்கும் அபாய மணி அடிக்கிறது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் வந்து இறங்கும், டி செல்கள் என்னும் சண்டையிடும் அணுக்கள், புதிய ஊரைப் போர்க்களமாகவே பார்க்கின்றன. பெருகுகின்றன, தாக்குகின்றன. தாக்குதலில் மேலும் புண், மேலும் கசிவு, மேலும் மணி. இந்தச் சுழல்தான் நோய்.

அடக்கினால் போதாதா?

டி செல்தானே தொல்லை, பையிலிருந்து அதை வடிகட்டிவிட்டால் என்ன? செய்து பார்த்தார்கள். ஜி.வி.எச்.டி. பெருமளவு குறைந்தது. ஆனால் புற்றுநோய் திரும்பி வந்தது. கிருமித் தொற்றுகள் வந்தன. ஏற்றிய மஜ்ஜை வேர்பிடிக்காமலும் போனது. அப்போதுதான் ஒரு பெரிய உண்மை முழுதாக விளங்கியது. மருந்துக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிப்பதும் இதே டி செல்கள்தாம். அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும் இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு ஜி.வி.எச்.டி. பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் அவர்களுக்குத்தான் புற்றுநோய் அதிகமாகத் திரும்புகிறது. கடிக்கும் அணுவேதான் காக்கும் அணுவும். அக்காவின் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய முதல் வாக்கியம் இது.

எனவே நெடுங்காலம் மருத்துவம் நடுவழியில் நடந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின், அதனோடு மெத்தோட்ரெக்சேட், நோய் வந்துவிட்டால் ஸ்டீராய்டு. எல்லாம் அடக்கும் மருந்துகள். நல்ல அணு, கெட்ட அணு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் அவை அடக்கும். அடக்கிய இடத்தில் கிருமி நுழையும். நம் பக்கத்திலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. 1928 இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. எதிர்ப்பாற்றல் சரிந்தால் காசநோய் எப்படிப் படுத்தும் என்பதை இந்த வட்டாரத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் பலரது உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கிடக்கிறது. சைட்டோமெகலோ என்ற வைரஸ் ஏறத்தாழ எல்லோரிடமும் இருக்கிறது. ஸ்டீராய்டு கூடக் கூட இவையெல்லாம் விழிக்கும். ஜி.வி.எச்.டி. வந்து இறப்பவர்களில் பலர், உண்மையில் தொற்றால்தான் இறக்கிறார்கள்.

மதகும் நீர்பாய்ச்சியும்

இங்கே சற்று நிறுத்தி, நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. ஏரி வற்றினால் ஊருக்குக் கேடு, கரை உடைந்தாலும் ஊருக்குக் கேடு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அதனால்தான் பழைய நாளில் மதகைத் திறந்து மூட ஊருக்கொருவரை வைத்திருந்தார்கள். நீர்பாய்ச்சி, நீராணிக்காரர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த வயலுக்கு எவ்வளவு, எப்போது மூடுவது என்பது அவர் கையில்.

எதிர்ப்பாற்றலுக்கும் அப்படி ஒரு நீர்பாய்ச்சி உண்டா?

உண்டு என்று பல காலம் பிடிவாதமாக நம்பியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. பிறந்து மூன்றாம் நாளில் எலியின் தைமஸ் சுரப்பியை எடுத்துவிட்டால், எதிர்ப்பாற்றல் குறைந்து எலி நோஞ்சானாக வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் அந்த எலிகளில் எதிர்ப்பாற்றல் வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தின்றது. அப்படியானால் தைமஸிலிருந்து புறப்படுபவற்றில் ஏதோ ஒன்று 'போதும்' என்று சொல்லும் வேலையைச் செய்கிறது. 1995 இல் அவர் அதைச் சுட்டிக்காட்டினார். சி.டி.4 வகை டி செல்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை சி.டி.25 என்ற புரதத்தை மேலே தாங்கியிருக்கும். அவற்றை நீக்கிவிட்டு மற்ற டி செல்களை மட்டும் எலிக்கு ஏற்றினால் உறுப்புகள் தாக்கப்படும். நீக்கியவற்றைத் திருப்பிக் கொடுத்தால் தாக்குதல் நிற்கும். அவைதாம் ஒழுங்காற்று டி செல்கள். சுருக்கமாக டி-ரெக்.

இதே கதையின் இன்னொரு நுனி அமெரிக்காவில் இருந்தது. 1940களில், கதிர்வீச்சின் விளைவுகளை ஆராய்ந்துவந்த ஓக் ரிட்ஜ் கூடத்தில், சில ஆண் எலிக்குட்டிகள் செதில் செதிலான தோலோடு பிறந்து சில வாரங்களில் செத்தன. காரணம் அரை நூற்றாண்டுக்குப் புரியவில்லை. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் என்ற இருவர் எக்ஸ் குரோமோசோமில் தேடித் தேடி, சந்தேகப் பட்டியலை 20 மரபணுக்களாகச் சுருக்கினார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். பத்தொன்பதும் பொய்த்து, இருபதாவதில் கோளாறு அகப்பட்டது. ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டு 2001 இல் வெளியிட்டார்கள். அந்த மரபணுதான் ஒரு டி செல்லை டி-ரெக் ஆக்கும் ஆணை என்று 2003 இல் உறுதியானது. சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

டி-ரெக் எப்படி வேலை செய்கிறது? மற்ற டி செல்கள் பெருகுவதற்கு இன்டர்லூக்கின்-2 என்ற தூண்டுபொருள் வேண்டும். டி-ரெக் அதைத் தானே உறிஞ்சிவிடும். 'தாக்கு' என்று சைகை காட்டும் அணுக்களின் மேலிருக்கும் சைகைக் கொடியை உருவி எடுத்துவிடும். வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கும். படையை அது கொல்வதில்லை, தணிக்கிறது. மதகை இறக்குகிறது, ஏரியை உடைப்பதில்லை.

நீர்பாய்ச்சியை அனுப்பிவைத்தல்

இது தெரிந்ததும் மஜ்ஜை மாற்று மருத்துவர்களின் மனத்தில் ஓடிய எண்ணம் ஒன்றுதான். படையோடு நீர்பாய்ச்சிகளையும் சேர்த்து அனுப்பினால்? எலிகளில் செய்த ஆய்வுகள் 2002, 2003 ஆண்டுகளிலேயே நம்பிக்கை தந்தன. டி-ரெக் சேர்த்துக் கொடுத்த எலிகளுக்கு ஜி.வி.எச்.டி. அடங்கியது. புற்றணுக்களை அழிக்கும் வேலையோ நிற்கவில்லை. நாம் இத்தனை காலம் தேடியது இந்தப் பிரிப்பைத்தான்.

மனிதரில் இதைத் துணிந்து செய்தது இத்தாலியின் பெரூஜியா நகரக் குழு. பாதிப் பொருத்தமே உள்ள உறவினரிடமிருந்து மஜ்ஜை பெறும் 28 பேருக்கு முதலில் டி-ரெக் செல்களை ஏற்றினார்கள். நான்கு நாள் கழித்து, ஸ்டெம் செல்களோடு சண்டையிடும் டி செல்களையும் கொடுத்தார்கள். அதன்பின் அடக்கும் மருந்து எதுவும் தரவில்லை. பாதிப் பொருத்தத்தில் இது நெருப்போடு விளையாடுவதற்குச் சமம். 2011 இல் வெளியான முடிவில், மதிப்பிட முடிந்த 26 பேரில் 2 பேருக்குத்தான் கவலைப்படும் அளவுக்கு ஜி.வி.எச்.டி. வந்திருந்தது. தொற்றுகளால் உயிரிழப்புகள் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் கதவு திறந்துவிட்டது. அதே 2011 இல் பாஸ்டன் மருத்துவர்கள் வேறொரு வழி காட்டினார்கள். செல்களைப் பிரித்து ஏற்றுவதற்குப் பதிலாக, நாட்பட்ட ஜி.வி.எச்.டி. உள்ளவர்களுக்கு இன்டர்லூக்கின்-2 ஊசியை மிகக் குறைந்த அளவில் தினமும் போட்டார்கள். அளவு குறைவாக இருக்கும்போது டி-ரெக் மட்டும் முந்திக்கொண்டு அதைக் குடித்துப் பெருகும். மதிப்பிட முடிந்த 23 பேரில் 12 பேருக்குத் தெளிவான முன்னேற்றம்.

இவற்றையெல்லாம் கேட்கும் தகப்பன் ஒருவர் மனத்தில் என்ன ஓடும் என்று எனக்குத் தெரியும்: "இது நமக்குக் கிடைக்குமா, கட்டுப்படியாகுமா?" டி-ரெக் செல்களைப் பிரித்தெடுக்கத் தூசி புகாத உயர்தர ஆய்வுக்கூடம் வேண்டும். செலவு அதிகம்.

ஆனால் நம் நாட்டுக்கு ஒரு நல்ல செய்தி, பழைய மலிவான மருந்து ஒன்றிலிருந்து வந்திருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு. பல பத்தாண்டுகளாகப் புற்றுநோய் வார்டுகளில் புழங்கும் மருந்து. மஜ்ஜை ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இதைக் கொடுக்கும் முறையை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ லூஸ்னிக், எஃப்ரைம் ஃபுக்ஸ் குழுவினர் வகுத்தார்கள். நாள் கணக்கில்தான் நுட்பம் இருக்கிறது. ஏற்றிய மூன்று நாளில், நோயாளியின் உடலை அந்நியம் என்று கண்டுகொண்ட டி செல்கள் மட்டும் வெறியோடு பெருகிக்கொண்டிருக்கும். பெருகும் அணுவை இந்த மருந்து அடிக்கும். ஸ்டெம் செல்லிடம் இந்த மருந்தை முறிக்கும் நொதி இருப்பதால் அது தப்பிக்கும். டி-ரெக்கும் அதே நொதியைக் கூட்டிக்கொண்டு தப்பிக்கும். கொல்லப்படாமல் எஞ்சும் வெறி அணுக்களையும் அந்த டி-ரெக் கட்டுக்குள் வைப்பதாகப் பின்வந்த எலி ஆய்வுகள் காட்டின. ஒரு மலிவு மருந்து நீர்பாய்ச்சியை விட்டுவிட்டு வெள்ளத்தை மட்டும் வடிக்கிறது!

2023 இல் வெளியான ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வில், இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 52.7 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் கடும் ஜி.வி.எச்.டி.யும் இல்லாமல், நோயும் திரும்பாமல் உயிரோடு இருந்தனர். பழைய முறையில் அது 34.9 விழுக்காடு. பாதிப் பொருத்தமே உள்ள அப்பாவோ அம்மாவோ இன்று மஜ்ஜை கொடுக்க முடிகிறது என்றால் அதற்கு இந்த மருந்தே முதற்காரணம். உடன்பிறப்பு முழுப் பொருத்தமாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவரும் நம் தெருக்களில் இதன் மதிப்பு மிகப் பெரிது.

நோய் வந்து ஸ்டீராய்டுக்கும் அடங்காதவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. ரக்ஸோலிடினிப் என்ற மாத்திரை, அணுக்களுக்குள் செல்லும் போர்ச் செய்தியை இடைமறிக்கிறது. 2020 இல் வந்த ஆய்வில், 28 ஆம் நாளில் 62 விழுக்காட்டினருக்கு அது பலன் தந்தது. மற்ற சிகிச்சைகளில் அது 39 விழுக்காடு.

நம் வீட்டுக்குள்

அறிவியலை இவ்வளவு சொன்னது, அடுத்துச் சொல்லப்போகும் நான்கு செய்திகள் உங்கள் மனத்தில் தங்க வேண்டும் என்பதற்காக.

முதலாவது, 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்ற சொல். கொரோனாவுக்குப் பின் இந்தச் சொல் ஒட்டாத பொடியும் இல்லை, கஷாயமும் இல்லை. மஜ்ஜை மாற்று முடிந்து வீடு திரும்பிய பிள்ளைக்கு அன்பால் இவற்றைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த உடலுக்கு வேண்டியது கூட்டுவது அல்ல, சமன். மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகையும் கொடுக்காதீர்கள். பம்ப்ளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற அடக்கும் மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் டி-ரெக் பெருகத் துணை செய்கின்றன என்பது உண்மை. அதற்காக, கவுண்ட் ஏறாத பிள்ளைக்குப் பழைய சோறு கொடுக்கக் கூடாது. பழைய சோறு வேண்டாம் என்பதில்லை, அதற்குரிய நேரம் பின்னால் வரும்.

இரண்டாவது, ரத்தம். 'வெளியாள் ரத்தம் வேண்டாம், சொந்த ரத்தம்தான் நல்லது' என்று நினைக்கிறோம். எதிர்ப்பாற்றல் சரிந்தவருக்கு நெருங்கிய சொந்தத்தின் ரத்தம்தான் ஆபத்து. மகனின் டி செல்களைத் தகப்பனின் உடல் அந்நியமாகக் காணாமல் விட்டுவிடலாம். அந்த டி செல்களோ தகப்பனை அந்நியமாகக் கண்டு தாக்கலாம். ரத்தம் ஏற்றியதால் வரும் இந்த ஜி.வி.எச்.டி.யில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். தடுப்பது எளிது: ரத்தப் பையை 25 கிரே அளவுக்குக் கதிர்வீச்சில் காட்டினால் டி செல்கள் பெருக முடியாது. அதனால் உறவினர் ரத்தம் என்றாலும், மஜ்ஜை மாற்று நோயாளிக்கு என்றாலும், "கதிர்வீச்சு கொடுத்த ரத்தமா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, நம் உறவுமுறை. தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் நம்மிடையே வழக்கம். இதனால் தலசீமியா போன்ற மரபுநோய்கள் கூடுகின்றன, அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அதே காரணத்தால், இப்படிப்பட்ட குடும்பத்தில் உடன்பிறப்பு பொருந்தாவிட்டாலும் சித்தப்பாவோ மாமாவோ முழுப் பொருத்தமாக அமைவதுண்டு. ஆகவே சொந்தத்துக்குள் பகை இருந்தாலும், மருத்துவர் குடும்ப மரம் வரையச் சொன்னால் ஒருவர் விடாமல் எழுதுங்கள்.

நான்காவது, மறு தடுப்பூசி. புதிய எதிர்ப்புப் படைக்குப் பழைய நினைவு கிடையாது. பத்தொன்பது வயதானாலும், கைக்குழந்தைக்குப் போட்ட ஊசிகளை முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிர்த் தடுப்பூசிகளை மட்டும் இரண்டு ஆண்டு கழித்து, ஜி.வி.எச்.டி. இல்லை என்று உறுதிசெய்த பிறகே போட வேண்டும்.

விடை

அந்தப் பையனுக்குக் குடல் ஆற ஏழு வாரம் ஆனது. பிறகு நாட்பட்ட வகை வந்தது. கண் வறண்டது. வாய் புண்ணாகி, மிளகு ரசம் ஒரு மிடறு இறங்காமல் தட்டைத் தள்ளிவைத்த நாள்கள் உண்டு. மாத்திரைகளை அணு அணுவாகக் குறைத்தோம். மூன்றாம் ஆண்டில் எல்லா மருந்தையும் நிறுத்தினோம். வெள்ளம் வடிந்து, மதகு தானே இயங்கத் தொடங்கிவிட்டது.

அந்த அக்கா இப்போது இங்கே இல்லை. இருந்தால் அவளுக்கு நான் சொல்லும் முழு விடை இது: "ஆமாம் அம்மா, உன் அணுக்கள்தான் கடித்தன. ஒளிந்திருந்த புற்றைத் தேடிக் கொன்றதும் உன் அணுக்கள்தான். கடைசியில் 'போதும்' என்று சொல்லித் தணித்ததும் உன் அணுக்கள்தான். மூன்றையும் நீதான் கொடுத்தாய்."

நண்பர்களே, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று சேர்க்கப்பட்டிருக்கிறது. இது பெருமைக்குரியது. ஆனால் சிகிச்சையின் கணக்கு டே ஜீரோவோடு முடிவதில்லை. அதன்பின் நூறு நாள், ஆயிரம் நாள் நீளும் ஜி.வி.எச்.டி. மருந்துகளுக்கும் பரிசோதனைகளுக்கும் அரசும் அறக்கட்டளைகளும் கை கொடுக்க வேண்டும். டி-ரெக் செல்களைப் பிரித்தெடுக்கும் தூய கூடங்கள் பொது மருத்துவமனைகளிலும் வர வேண்டும். இந்த மேடையிலிருந்து என் வேண்டுகோள் அது.

இளைஞர்களிடம் இன்னொரு வேண்டுகோள். நம் சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு இயங்கிவருகிறது. 18 வயது ஆனவர்கள் பதிந்துகொள்ளலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும். என்றாவது யாருக்காவது பொருந்தினால், ஐந்து நாள் ஊசி, பிறகு சில மணி நேரம் கையை நீட்டி உட்காருவது. ஒன்றே ஒன்று: ஒப்புக்கொண்ட பிறகு கடைசி நேரத்தில் பின்வாங்காதீர்கள். உங்களை நம்பி அங்கே ஒருவரின் பழைய மஜ்ஜையைத் துடைக்கத் தொடங்கியிருப்பார்கள்.

அந்தத் தம்பிக்கு முன்பு ஓ பாசிட்டிவ். இன்று அவன் ரத்தம் பி பாசிட்டிவ், அக்காவின் ரத்தம். ஒவ்வொரு படிவத்திலும் அவன் அதைத்தான் எழுதுகிறான்.